போகாதவனுக்கு ஒரு பங்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பன்றி வேட்டைக்குப் புறப்படுகிற யாரும் வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறோம் என்பார்கள். சும்மா சுற்றப் போகிறவர்களுக்கு ஈட்டி எதற்கு, நான்கு நாய் எதற்கு, இரண்டு சாக்கு எதற்கு என்று நாமும் கேட்கக்கூடாது. சாக்கு வெறுமையாகத் திரும்பினால் மூன்று நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் போன ஏழு தடவையும் சாக்கு வெறுமையாகத்தான் திரும்பியது.

ஏழு என்று எண்ணி வைத்தது நானல்ல, என் மச்சான். மனைவியின் அண்ணன். நாய்கள் அவருடையவை, காட்டுக்குள் முன்னால் நடப்பவரும் அவர்தான். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நான் ராகலை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோவில் ஏறியவர் இறங்குவதற்குள் அவருடைய சின்னம்மா மகள் கல்யாணம் வரைக்கும் விசாரித்து முடித்துவிடுவேன். என்னைப் போய் மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நட என்றால் அது ஆகிற காரியமா?

ஒரு தடவை தும்மினேன். ஒரு தடவை தண்ணீர் ஓடுகிற கானுக்குள் சறுக்கி விழுந்தேன். விழுந்தது நான், சிரித்தது அவர்கள், ஆனால் பன்றி ஓடியதற்குக் காரணம் நானாம். இன்னொரு தடவை லயத்தைத் தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி, "எங்க, எல்லாரும் பொறப்பட்டாச்சு?" என்று கேட்டுவிட்டாள். புறப்படுகிறவர்களை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. எல்லாரும் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி புறப்பட்டோம். அவள் மறுபடி கேட்டாள். நான் நின்று பதில் சொல்லிவிட்டேன், இப்படி மேல் மலைப் பக்கம் போறோங்க என்று. கேட்டவளை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பழி முழுவதும் எனக்கு.

ஏழாவது தடவை நடந்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். மானாப்புல்லை விலக்கிக்கொண்டு பன்றி வெளியே வந்து நின்றது. பத்தடி தூரம் இருக்காது. மச்சான் ஈட்டியை ஓங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. அதுவும் சும்மா மணியா? முருகன் பாட்டு, முழுச் சத்தத்தில். நாளைக்குக் காலையில் நுவரெலியா கிளினிக்குக்குப் போகவேண்டும், ஆட்டோ வருமா என்று ஒரு அம்மா. பன்றி என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அது போன வேகத்தை என்ன சொல்ல. அந்த ஒன்று என் கணக்கு. மற்ற ஆறுக்கும் நான் பொறுப்பில்லை.

இரண்டு வாரம் கழித்து, லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பன்றி இறங்கியது. பத்துப் பாத்தி வைத்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு செடி நிற்கவில்லை, டிராக்டர் விட்டு உழுத மாதிரி கிடக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் காலைச் சாப்பாடுகூட இறங்கவில்லை. சிலர் சுருக்குக் கம்பி கட்டிவிடலாம் என்றார்கள். கம்பியில் நாயும் மாட்டும், புலியும் மாட்டும், அது பாவம் என்று மச்சான் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாயோடு போவதென்று முடிவாயிற்று. நான் சனிக்கிழமையே ஈட்டியைத் தீட்டி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மச்சான் வந்தார். முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தங்கச்சி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். குடித்து முடித்த கோப்பையையே வெகு நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. இந்தத் தடவ நீங்க வர வேணாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏழு என்று அவர் சொல்வதைக் காதால் கேட்க எனக்கு இஷ்டமில்லை. சரிங்க மச்சான் என்றேன். அவர் போன பிறகு அடுப்படிக்குப் போய் மனைவியிடம் கத்தினேன். என் கிழங்கைத் தின்ற பன்றி, என் பாத்தியை உழுத பன்றி, அதைப் பிடிக்கப் போக எனக்கு உரிமை இல்லையா? உன் அண்ணன் என்ன காட்டுக்கே தொரையா? அவள் மாவைப் பிசைந்துகொண்டே, ஃபோனை அணைத்து வைத்திருக்கலாமே என்றாள். அதோடு நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். உள்ளுக்குள் அழுகைதான் வந்தது. இந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடத்துக்குப் போனதிலிருந்து தேருக்கு வடம் பிடித்தது வரைக்கும் அந்த ஆட்களோடுதான். ராசி கெட்டவன் என்று ஒதுக்கி வைத்தால் மனுசனுக்கு வலிக்காதா?

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் போனார்கள். நான் ஆட்டோவைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். மத்தியானம் சாப்பிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூன்று மணி இருக்கும், மேலே ரோட்டில் சீட்டி சத்தம் கேட்டது. பிறகு, எவ்ளோ பெரிய பன்னி, ரெண்டு ஆள் சொமக்குது என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம், நாய்க் குரைப்பு. நான் போகாத முதல் தடவையே, இரண்டு ஆள் சுமக்கிற பன்றி. போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டேன்.

பங்கு போடுவது எங்கள் வீட்டுக் காம்பரா வாசலுக்கு நேரேதான். கண்ணை மூடினாலும் காது கேட்குமே. போன ஆளுக்கு ஒரு கூறு, அவ்வளவுதான் எங்கள் வழக்கம். சேம்பிலையில் ஆறு கூறு வைத்தார்கள். எது பெரிது, எது சின்னது என்று சண்டை வராமலிருக்க ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் கத்தியால் ஒரு கூறைத் தொட்டு இது யாருக்கு என்று கேட்பார். பார்க்காமல் ஒரு பெயர் சொல்ல வேண்டும். சொன்ன பெயரை மாற்ற முடியாது. சுவரைப் பார்த்து நிற்பது எப்போதும் மச்சான்தான்.

போன ஆறு பேரில் ஒருவர், தேயிலைக் கொழுந்து லொறியில் போகிறவர், கேட்டுக்கொண்டே வந்தார். முதல் கூறு ஒருவருக்கு, இரண்டாவது ஒருவருக்கு, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதற்கு மச்சான் என் பெயரைச் சொன்னார்.

கேட்டவர் கொஞ்சம் தயங்கி, ஆறாவதையும் கேட்டார். மச்சான் மிச்சமிருந்தவர் பெயரைச் சொன்னார். கூறு முடிந்துவிட்டது. மச்சானுடைய பெயர் வரவேயில்லை.

அண்ணே, ஒங்களோடது என்று யாரோ இழுத்தார்கள். கூப்பிட்டது கூப்பிட்டதுதான் என்று மச்சான் கையைக் கழுவப் போய்விட்டார்.

மனைவி இலையோடு உள்ளே வந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வராதே என்று சொன்ன வாயால் பங்கு கொடுப்பதா? போர்வையை உதறிவிட்டு, இலையைப் பிடுங்கிக்கொண்டு நேரே தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்குப் போனேன். கை கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம் என்றேன். குரல் உடைந்துவிட்டது, அது வேறு அவமானம்.

மச்சான் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். அவர் இவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"பிச்ச இல்ல மாப்ள. பன்னி விழுந்தவொடன, ஒங்ககிட்ட சொல்லத்தான் திரும்புனேன். பின்னால ஆளக் காணோம். அதுக்கப்பறம் எல்லாரும் தோட்டத்து வேல முடிஞ்ச மாதிரி பேச்சு சிரிப்பு இல்லாம தூக்கிட்டு வந்துட்டோம்."

கையில் இலை கனத்தது. கடைசியில், ஒங்க தங்கச்சி நல்லா மிளகு போட்டு வைப்பா, வந்து சாப்பிடுங்க என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டியில் கறி வெந்தது. வாசனை பிடித்து மற்ற ஐந்து பேரும் எங்கள் இஸ்தோப்புக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள், அவரவர் வீட்டில் கறி இருக்கும்போதே. வேட்டையைச் சொல்லுங்க என்றாள் என் மனைவி. மச்சான் தொண்டையைச் செருமினார். பன்னி வந்துச்சு, நாய் மடக்குச்சு, குத்துனோம் என்றார். கதை முடிந்துவிட்டது. இதற்கா ஐந்து மணி நேரம் மலை ஏறினீர்கள் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

எந்த நாய் முதலில் மோப்பம் பிடித்தது என்று கேட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா? யார் மரத்தில் ஏறினது? ஒருவரும் ஏறவில்லை என்றார்கள், ஆனால் கொழுந்து லொறிக்காரர் முகம் சிவந்தது. பிறகு விடுவேனா? ஒவ்வொருவராகப் பிடுங்கிப் பிடுங்கி, பன்றி புல்லிலிருந்து வந்த இடத்திலிருந்து, அவர் டர்பன்டைன் மரத்தில் பாதி ஏறித் தொங்கி, சாரம் கீழே விழுந்தது வரைக்கும் நானே முழுதாகச் சொல்லி முடித்தேன். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரை ஏறியது. போன ஆட்களெல்லாம் போகாதவன் வாயைப் பார்த்துக்கொண்டு, ஆமா, அப்படித்தான் நடந்துச்சு என்றார்கள். மச்சான் இரண்டு தடவை கறி போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மச்சான் வாசலில் வந்து நின்றார். ஈட்டியை எடுங்க என்பதுபோல் அது சாத்தியிருந்த சுவரைப் பார்த்தார். நான் ஃபோனை மனைவி கையில் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வெளியே வருவதற்குள் ஓட்டமாகப் போய்விட்டோம். தும்மவில்லை, விழவில்லை, மூன்று மணி நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

பன்றியின் வால்கூடக் கண்ணில் படவில்லை. எட்டு.

மலை உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே உடப்புசல்லாவைப் பக்கம் வெயில் அடித்தது, எங்கள் மேல் தூறல். களைத்துப்போய் உட்கார்ந்தோம். என் மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் வெளியில் எடுத்தேன். ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்போது மச்சான் எழுந்தார். சேம்பிலை ஒன்றைப் பறித்து, கல்லின் மேல் விரித்து, ஏழு பேருக்கும் ரொட்டியை ஏழு கூறாக வைத்தார். கொழுந்து லொறிக்காரர் கையில் கத்தியைக் கொடுத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

லொறிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் ரொட்டியைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்டார்.

மச்சான் என் பெயரைச் சொன்னார்.