உண்டு என்று எழுதிய வெடிக்காரர்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்குவாரி வெடிக்காரருக்கு வெளிநாட்டு விசா கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் தீவிரவாதி என்று ஒரு பேச்சு கிளம்பியது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பேச்சில் அவர் ஒரு பாலத்தைத் தகர்த்திருந்தார். சனிக்கிழமை இரண்டு. மூன்றாவது பாலமும் இடிவதற்குள் விசாரித்துவிடலாம் என்று புறப்பட்டேன்.

விண்ணப்பத்தை நிரப்பிய இன்டர்நெட் சென்டர் அம்மாள் என்னைக் கண்டதும் கையை விரித்தார்.

"என் மேல தப்பே இல்ல சார். வெடிபொருள் பயிற்சி உண்டான்னு ஒரு கேள்வி. ஊர் உலகமே இல்லன்னு தட்டிட்டுப் போற இடம். இந்த மனுஷன் உண்டுன்னு போடுன்னு அடம். லைசென்ஸை ஏத்துன்னார். ஏத்தினேன். கேடயத்தையும் போட்டோ எடுத்து ஏத்துன்னார்!"

கேடயம் உண்மைதான், அவர் வீட்டு டிவி மேல் நிற்கிறது. இருபத்தாறு வருஷம் பாறையில் குழி போட்டு மருந்து திணித்தவர். வைத்தது பன்னிரண்டு, வெடித்தது பதினொன்று என்றால், அரை மணி நேரம் ஒரு ஈயைக்கூட உள்ளே விடமாட்டார். யாருக்கும் ஒரு விரல் போனதில்லை என்று குவாரி கொடுத்த கேடயம் அது. போனது அவருடைய இடது காது மட்டும்.

"கேட்டாங்க, சொன்னேன். பொய் எழுதச் சொல்றீங்களா?" என்று, வீட்டுக்குப் போய் விசாரித்த என்மேல் பாய்ந்தார் வெடிக்காரர்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவியின் போன். வெளிநாட்டில் இருக்கும் மகள் அப்பா, அம்மா இருவருக்கும் விண்ணப்பித்ததில் அம்மாவுக்கு மட்டும் விசா கிடைத்து, அங்கே போய் எட்டு மாதம். பேரன் பிறந்து தவழவும் ஆரம்பித்துவிட்டான். தாத்தா இன்னும் திரையில்தான். காதுக்காக ஸ்பீக்கரில் போட்டார்.

"இல்லன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா வாயில இருந்து முத்து உதிர்ந்திருக்குமா? பெரிய யோக்கியரு!"

"நீயா இருந்தா பொய் எழுதியிருப்பியா?"

"சுகர் இல்லன்னு எழுதிட்டுத்தானே இங்க வந்து உக்காந்திருக்கேன்!"

வெடிக்காரர் காது கேட்காதவர்போல் கேடயத்தைத் துடைத்தார்.

ஆனால் விசாவைக் கெடுத்தது அந்த உண்டு அல்ல. தூதரகத்தில் கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி 'ஆய்வில் உள்ளது' என்று சீட்டு கொடுத்து ஐந்து மாதம் காக்க வைத்தார். ஆய்வு முடியும் முன்பே அந்த நாட்டு அரசு, தேசப் பாதுகாப்பை முன்னிட்டு நம் நாட்டவர் யாருக்கும் குடியேற்ற விசா இல்லை, மறு அறிவிப்பு வரை, என்று கதவைச் சாத்திவிட்டது. எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று எழுதிய பல் டாக்டருக்கும் கிடையாது. கல்யாணமாகிப் பத்தொன்பதே நாளான பெண்ணுக்கும் கிடையாது. வாக்கர் இல்லாமல் வாசல் தாண்டாத எண்பது வயதுக்காரரை நினைத்தும் ஒரு வல்லரசு நடுங்குகிறது. அத்தனை விமானம், அத்தனை கப்பல் வைத்துக்கொண்டு இத்தனை கோழைத்தனம் எப்படித்தான் சேர்ந்ததோ. யாரையும் பார்க்காமலே எல்லாரையும் சந்தேகிப்பதற்கு விண்ணப்பத்தில் எதற்கு ஐம்பத்தாறு கேள்வி? அதையாவது மிச்சம் பிடித்திருக்கலாம்.

அறிவிப்பு வந்த மறுநாள் வெடிக்காரர், பயணத்துக்காக மாடிவீட்டு வங்கி கிளார்க்கிடம் இரவல் வாங்கியிருந்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். பாலத்தை முதலில் இடித்தவர் இந்த கிளார்க்தான் என்பது என் விசாரணையில் தெரிந்தது. அவர் சங்கிலியைக் கழற்றாமலே கதவை ஒரு சாண் திறந்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"காலிப் பெட்டி சார். ஸ்வெட்டரை எடுத்துட்டேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும். அப்புறமா வாங்கிக்கறேன்."

"இப்பவே வாங்கிக்குங்க. எனக்கு இனிமே எதுக்கு?"

கதவு மூடிக்கொண்டது. வெடிக்காரர் பெட்டியை மாடிப்படித் திருப்பத்தில் வைத்துவிட்டு இறங்கினார்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கிளார்க் தினமும் சுவரோடு சுவராக ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பெட்டியைத் தாண்டி ஆபீஸ் போகிறார்.

"வெடிக்காத குழிக்கே அரை மணிதான்," என்றார் வெடிக்காரர் கீழே இருந்து பார்த்தபடி. "பெட்டிக்குப் பதினெட்டு நாளாச்சு. எடுத்துக்கச் சொல்லுங்க சார். இரவல் வாங்கினது, உறுத்துது."

சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்கிறார்.