மூன்று வாரச் சாப்பாடு

பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவனை எல்லோரும் உடைசல் என்றுதான் கூப்பிட்டார்கள். அடுப்பிலிருந்து இறக்கும்போது உடைந்த பிஸ்கட், சதுரமாக வெட்டும்போது மிஞ்சிய கேக் ஓரம், நேற்று விலைபோகாத பன், இவையெல்லாம் வேலையாட்களுக்கு இலவசம். மற்றவர்கள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இவன் அங்கேயே தின்று தீர்த்துவிடுவான். காலையில் பிஸ்கட்டும் டீயும், மதியம் பன், சாயங்காலம் கறுத்துப்போன எண்ணெயில் பொரித்த டோனட். இருபது வருடமாக அதுதான் அவன் சாப்பாடு.

"முதலாளி கெட்டிக்காரர்டா. குப்பைத்தொட்டிக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்கார்" என்பார் அடுப்புக்காரர்.

"தொட்டி இவ்வளவு அழகா எழுதுமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வாயில் இன்னொரு துண்டைப் போடுவான்.

எழுத்து உண்மையிலேயே அழகுதான். க்ரீம் அடைத்த கோனைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் சுழித்து முடிப்பான். அழித்து எழுதியதே கிடையாது. அவனுடைய அக்கா வேலை விட்டு வரும்போது இரண்டு தெரு சுற்றிக்கொண்டு பேக்கரி வழியாக வருவாள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேக்கை நின்று பார்ப்பாள். பக்கத்தில் யாராவது இருந்தால், "என் தம்பி எழுதினது" என்று சொல்லாமல் நகரமாட்டாள்.

அம்மா போனபோது அக்கா எட்டாம் வகுப்பு. அதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தம்பியைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்து, சட்டையைச் சரிபார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளர் வரை வந்துவிட்டாள். பித்தான் அரை நூல் விலகியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சமைக்கத் தெம்பு இருக்காது. தம்பி வெளியே சாப்பிட்டுவிடுகிறான் என்பது அவளுக்கு ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது.

மழை தொடங்கிய மாதத்தில் ஒரு நாள் காலை, தம்பியால் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. விரல் மூட்டுகள் வீங்கிச் சிவந்திருந்தன.

"என்னடா இது?"

"தூங்கி எழுந்தா இப்படித்தான் இருக்கு. பத்து மணிக்கு மேல சரியாயிடும்."

"எத்தனை நாளா?"

"நாள் என்ன நாள்? போன வருஷத்துலேருந்து."

அன்றே கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நிதானமான பெண்மணி. விரல் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு, தினமும் என்ன சாப்பிடுவான் என்று கேட்டார். அவன் சொன்னான். அக்கா தரையைப் பார்த்தாள்.

"சாப்பாடு மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். "ஆனா மைதா, சர்க்கரை, பழைய எண்ணெய், இதையே நாள் முழுக்கத் தின்னா உடம்புக்குள்ள ஒரு கனல் அணையாம இருந்துட்டே இருக்கும். அதைத் தணிக்கிற சத்து காய், பழம், கீரை, பருப்புல இருக்கு. ஆன்டிஆக்சிடன்ட்னு கேள்விப்பட்டிருப்பீங்க. உங்க தட்டுல அது அறவே இல்லை."

"மாத்திரையா கிடைக்காதா டாக்டர்?" என்றான் தம்பி.

"கடையில எல்லாம்தான் கிடைக்கும். சாப்பாட்டுக்கு ஈடாகாது. முதல்ல இரத்தத்துல வீக்கத்தைக் காட்டுற அளவு எவ்வளவு இருக்கு, அந்தச் சத்து எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம். மூணு வாரம் கழிச்சு இரத்தம் எடுக்க வாங்க. அதுவரைக்கும் வழக்கமா சாப்பிடுறதையே சாப்பிடுங்க, எதையும் மாத்த வேண்டாம். அப்பத்தான் நிலவரம் தெரியும். வீக்கம் அதிகம்னு வந்தா உடனே மூட்டு டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன். தாமதிச்சா விரல் கோணிப்போகும்."

அக்கா தலையாட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: மூன்று வாரத்தில் சோதனை.

சோதனை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு அத்துப்படி. சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர் கம்பெனிக்கு ஆய்வுக்கு வருகிறார் என்றால் ஒரு மாதம் முன்பே தடபுடல் ஆரம்பித்துவிடும். தரை பளபளக்கும். கழிப்பறையில் சோப்பு முளைக்கும். எல்லோர் முகத்திலும் முகமூடி ஏறும். வந்தவர் பார்த்துவிட்டு, நல்ல மார்க் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் முகமூடி அலமாரிக்குள், சோப்பு யார் வீட்டுக்கோ. அவளுடைய பிரிவு ஒரு தடவைகூடக் குறை வாங்கியதில்லை. தன் தம்பியின் இரத்தம் மட்டும் குறை வாங்குமா? இருபது வருடமாகக் குப்பையைத் தின்னவிட்டிருக்கிறாள் ஒருத்தி என்று ஒரு காகிதம் வந்து சொல்லுமா?

விடியும் முன்பே எழுந்து சமைத்தாள். கீரை, பீட்ரூட், கேரட், வேகவைத்த பயறு, ஒரு டப்பா நிறையப் பப்பாளி. கைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று கடைசி ஒரு வாரம் அவனை லீவும் போடவைத்தாள்.

"என்னக்கா, டப்பாவுக்குள்ள தோட்டமே இருக்கு? டாக்டர் எதையும் மாத்தாதேன்னுல்ல சொன்னாங்க?"

"அவங்க ஆயிரம் சொல்வாங்க. வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

"மூடிக்கிட்டா எப்படித் தின்கிறது?"

"உதைபடுவ."

தின்றான். பேக்கரியில் அடுப்புக்காரர், "உடைசல் திருந்திட்டான், இனிமே மிஞ்சினதை எங்கே கொட்டுறது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் காலை வீக்கம் கொஞ்சம் வடிந்தது போலிருந்தது. பித்தானை அவனே போட்டுக்கொண்டான்.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "பரவாயில்லையே! வீக்கம் லேசாத்தான் இருக்கு. அந்தச் சத்தும் நான் பயந்த அளவுக்குக் குறையலை. நீங்க சாப்பிடுற சாப்பாட்டுக்கு இது ஆச்சரியம்தான். வழக்கமா சாப்பிடுறதுதானே சாப்பிட்டீங்க?"

தம்பி அக்காவைப் பார்த்தான்.

"ஆமா டாக்டர்" என்றாள் அக்கா.

"அப்ப கோனை இறுக்கிப் பிடிக்கிறதால வர்ற வலியா இருக்கும். சாப்பாட்டை மாத்துங்க, கைக்கு ஓய்வு குடுங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

வெளியே வந்ததும் தம்பி சிரித்தான். "பாஸாயிட்டேன்ல?"

"என் தம்பியாச்சே" என்றாள். அந்த ரிப்போர்ட்டைக் கம்பெனியில் இரண்டு பேரிடமாவது காட்டியிருப்பாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பெனியில் ஆர்டர் குவிந்தது. அவள் இருட்டில் போய் இருட்டில் வந்தாள். கீரை முதலில் வாரம் மூன்று நாளானது, பிறகு ஞாயிறு மட்டும், பிறகு அதுவும் நின்றது. டப்பா பரணில் ஏறியது. தம்பி பழையபடி உடைந்ததைத் தின்றான். விரல் வலித்தால், "ரிப்போர்ட் நல்லாத்தானே வந்துச்சு" என்று அவனே அவனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நல்ல மார்க் வாங்கிவிட்ட இடத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆறாவது மாதம் ஒரு சாயங்காலம், அன்று வேலை சீக்கிரம் முடிந்ததால், வெகுநாள் கழித்துப் பேக்கரிக் கண்ணாடி முன்னால் நின்றாள். கேக்கில் எழுத்து வேறு யாருடையதோ. உள்ளே எட்டிப் பார்த்தாள். தம்பி மூலையில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டிகளை உள்ளங்கையால் தட்டித் தட்டி மடித்துக்கொண்டிருந்தான்.

அடுப்புக்காரர் அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அன்று அவர் கேலி எதுவும் பேசவில்லை. "கோனைப் பிடிக்க முடியலைம்மா அவனால. ஒரு மாசமாச்சு. வீட்டுல சொல்லவேண்டாம்னு கெஞ்சினான்."

மறுநாள் டாக்டர் அவன் கோணிய விரல்களைப் பார்த்ததும் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தார். அதையும் கையையும் மாறிமாறிப் பார்த்தார். "இது எப்படி? இதுக்கும் இந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லையே."

அக்கா சொல்லிவிட்டாள். கீரை, பப்பாளி, லீவு, எல்லாவற்றையும். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நிஜ நிலவரம் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டு எழுதினார்.

மூட்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து மருந்து கொடுத்தார். அக்கா ஓவர்டைமை விட்டாள். தினமும் சமைத்தாள். தம்பியும் பேக்கரியில் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. மாதங்கள் போயின. மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை ஜோடனை எதுவும் இல்லை. வீக்கம் நன்றாக அடங்கியிருந்தது. அந்தச் சத்தும் ஏறியிருந்தது.

"நல்ல ரிப்போர்ட்" என்றார் டாக்டர். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

"அப்ப இனிமே எழுதலாமா?" என்றான் தம்பி.

"இதுக்கு மேல மோசமாகாம பார்த்துக்கலாம். கோணின விரல் நிமிராதுப்பா."

அவன் கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "பெட்டி மடிக்கிறேனே, அது போதும்" என்று அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

திரும்பும் வழியில் காய்கறிக் கடையில் நின்றார்கள். அவள் கீரைக் கட்டை ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்து வாங்கினாள். பையை அவன் வாங்கிக்கொண்டான். விரலால் பிடிக்க முடியாததால் முழங்கையில் மாட்டிக்கொண்டான்.

"குடுடா, நான் தூக்கிட்டு வர்றேன்."

"இருக்கட்டும்கா. இது கனமா என்ன?"

அவள் பேக்கரி வழியாக இரண்டு தெரு சுற்றவில்லை. நேர் வழியாகவே வீட்டுக்கு நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.