கனடாக் குளிசையும் ஜெயனியின் ராசியும்

யாழ்ப்பாணத்து உடுவிலில் கார் பழக்கும் ஐசாக்குக்கு இரண்டு பேரிடம்தான் பயம். ஒருவர் மனைவி ஐரிஸ். மற்றவள் அவரிடம் பழக வரும் ஜெயனி. மனைவி வாயால் நிறுத்துவார். ஜெயனி பிறேக்கால் நிறுத்துவாள்.

"பிள்ளை, உதைக்காதை. பூனையைத் தடவிறமாதிரித் தடவு."

"எங்கடை பூனை கடிக்கும் அண்ணை," என்று சொல்லிக்கொண்டே மறுபடி உதைப்பாள். ஐசாக்கின் தலை முன்கண்ணாடி வரை போய்த் திரும்பும்.

லைசென்ஸ் கிடைத்தால் பால் சங்கத்தின் வானை ஓட்டும் வேலை ஜெயனிக்கு. கணவன் விட்டுப்போன பிறகு அவளுக்கு வந்த ஒரே நல்ல சேதி அது.

இந்த நேரம் பார்த்து ஐசாக் மூன்றாம் தடவையாக நோயில் விழுந்தார். எல்லாத் தடவையும் ஜெயனியின் வகுப்பு முடிந்த பின்னேரம்தான். காய்ச்சல், வாந்தி, வெடிக்கும் தலைவலி. வெளிச்சம் பட்டால் கண் கூசும். மோவாய் நெஞ்சைத் தொடாதபடி கழுத்து விறைத்துவிடும். மூளையுறையில் அழற்சியோ என்று ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். அழற்சி இருக்கும், கிருமி மட்டும் வளராது. வைரஸாக இருக்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஊருக்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலாலேயே நோயைக் கண்டுபிடித்தார்.

"உவளைக் கட்டினவனே ஓடித் தப்பிட்டான். பக்கத்திலை குந்தியிருக்கிற மனிசன் தப்புவானே?"

ஓடிப்போனவனின் ராசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. குற்றம் சுமத்த ஒரு பெண் அகப்பட்டால் இங்கே சாட்சி எதற்கு? ஞாயிறு தவறாமல் சேர்ச்சில் பாடும் ஐரிஸ், ராசியை நம்பாதவர் என்றுதான் பெயர். ஆனால் ஆஸ்பத்திரி வாட்டில் ஐசாக்கின் கட்டிலடியில் நின்று சொன்னார்:

"இனி உவளைக் காரிலை ஏத்தினியளெண்டால், உங்களுக்குச் சோறுமில்லை, ஜெபமுமில்லை."

தோடம்பழப் பையோடு வாசலில் நின்ற ஜெயனிக்கு அது கேட்டுவிட்டது.

"அடுத்த கிழமை லைசென்ஸ் சோதினை அண்ணை. வேறை ஒருத்தரும் என்னைப் பழக்க மாட்டினமாம்."

ஐசாக் கண்ணை மூடிக்கொண்டார். வெளிச்சத்துக்கா வெட்கத்துக்கா என்று தெரியவில்லை.

அப்போது டொக்டர் மர்ழியா வந்தார். மூன்று முறையும் கிருமி அகப்படாதது அவருக்கு உறுத்தியது.

"கிருமி இல்லாமலும் மூளையுறை வீங்கும். சில மருந்தாலையும் வரும். ஏதும் மருந்து எடுக்கிறனீங்களோ?"

"ஒண்டுமில்லை டொக்டர். பனடோல்கூட இல்லை."

முதலிரண்டு தடவையும் இதே பதில்தான். டொக்டர் போகத் திரும்பினார். ஐசாக் மனைவியிடம் முனகினார்:

"இஞ்சேரும், தலை வெடிக்குது. அந்தக் கனடாச் சாமானிலை ஒண்டு தாரும்."

ஐரிஸ் கைப்பையிலிருந்து ஒரு பெரிய மாத்திரைப் போத்தலை எடுத்தார். டொக்டர் நின்றுவிட்டார்.

"உது என்ன?"

"உது மருந்தில்லை டொக்டர். என்ரை தங்கச்சி ஸ்காபரோவிலையிருந்து கொண்டுவந்தது. சொக்கிலேற்றோடை வந்தது," என்றார் ஐரிஸ்.

பார்மசியில் வாங்குவதுதான் இங்கே மருந்து. வெளிநாட்டுச் சூட்கேசில் வருவது அன்பளிப்பு. சென்ற் போத்தலுக்குப் பக்கத்தில் சோகேசில் இருக்கும்.

டொக்டர் லேபிளை வாசித்தார். "ஐபுபுறூபன்! நோவுக்குப் போடுற குளிசை. இதை எப்ப போடுறனீங்கள்?"

"கழுத்து நோகேக்கை."

"கழுத்து எப்ப நோகும்?"

ஐசாக் வாசலைப் பார்த்தார்.

"நான் பிறேக் அடிக்கேக்கை," என்றாள் ஜெயனி.

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அபூர்வமாத்தான் நடக்கும், ஆனா சில பேருக்கு இந்தக் குளிசை போட்டுக் கொஞ்ச மணித்தியாலத்திலை இப்பிடி வரும். கிருமி இல்லையெண்டு இந்த முறையும் உறுதியாகுமட்டும் ஊசி மருந்து ஏறும். உதை இனித் தொடவே கூடாது."

"அப்ப என்ரை ராசி, டொக்டர்?"

"அதுக்கு எங்கடை லாப்பிலை சோதினை இல்லை, தங்கச்சி."

கிருமி வளரவில்லை. ஐசாக் நடந்தே வீடு வந்தார். குளிசைக் கதை கேட்ட சின்னத்தங்கம் வேலியடிக்கு வந்து உடனே நோயை மாற்றி எழுதினார்:

"அப்ப கனடாக்காரியின்ரை கைராசிதான் பிழை."

"என்ரை தங்கச்சியைப் பற்றிக் கதைச்சியளெண்டால் தெரியும்!" ஐரிஸ் பாய்ந்தார். "குளிசை செய்த வேலைக்குப் பொம்பிளையின்ரை ராசி என்ன செய்யும்?"

சொன்னது அவருக்கே உறைத்தது. பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்:

"இஞ்சேருங்கோ! நாளைக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குங்கோ!"

ஜெயனி சோதினையில் தேறினாள். அவள் ஓட்டும் பால் சங்க வான் இப்போது காலையில் அந்த ஒழுங்கையால்தான் வருகிறது. சின்னத்தங்கம் அதற்கு முன்னரே தயிர் வாங்கச் சட்டியோடு வந்து காத்து நிற்கிறார். தயிர் நல்லதாம்.