மூன்று படி கீழே ஒரு கல்யாணக்கூடம்

செய்தி வந்தபோது மணி நாலேகால். மகள் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சிலுவையம்மாள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிடங்குக் காவல்காரன் வெள்ளத்துரை வாசலோடு நின்றுவிட்டான். கையில் ஒரு ஜோடி தோல் செருப்பு. சாவியைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் செருப்பைப் பார்த்தாள். இடது வாரில் அவள் போட்டுக் கொடுத்த தையல் இருந்தது.

“மேஸ்திரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்கோ, யக்கா. நீ வா.”

ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் செருப்பை ஏன் கொடுத்தனுப்புகிறான் என்று அவள் கேட்கவில்லை. முறத்தை மூலையில் சாய்த்துவிட்டு எழுந்தாள்.

அவள் புருஷன் தவசிமுத்து துறைமுகத்தில் கோதுமைக் கப்பலில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷ வேலை. ராயபுரத்தில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் பந்தி அவர் பொறுப்பு. இலை போடுவது முதல் கடைசி ஆளுக்குத் தண்ணீர் ஊற்றுவது வரை நின்று பார்த்துவிட்டு, ஆறிப்போன சோற்றை நின்றபடியே தின்பார். அவருடைய சொந்தக் கல்யாணத்தில் தெருவில் பந்தி போட்டிருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் அந்த வழியாக ஒரு சவப்பெட்டி வந்தது. வழிவிடுவதற்காக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மறுபடி உட்கார ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒரே மகள் ஃப்ளோராவின் கல்யாணத்தில் இருநூறு பேரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பது அவள் பிறந்ததிலிருந்தே அவர் மனதில் இருந்தது.

ஆனால் அறுபத்தேழாம் வருஷம் அதற்கு ஒத்துவரவில்லை. பிப்ரவரி எட்டாம் தேதி சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. மூன்று ஞாயிறு பூசையிலும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. ஆறாம் தேதி திங்கட்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது; அதைவிட்டால் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமைதான் மிச்சம். கோயில் பள்ளிக்கூடத்து ஹாலை முன்பே மூன்று வீட்டார் பிடித்துவிட்டார்கள். திருவொற்றியூர் சத்திரத்தில் தை முகூர்த்தம். கேட்ட வாடகையில் பாதிக் கல்யாணத்தையே முடித்துவிடலாம். தெருவில் பந்தல் போடுவதற்கும், மனமில்லாமல்தான், கேட்டுப் பார்த்தார். பந்தல்காரர் குணசேகரன் கையை விரித்தார்.

“தட்டி ஒண்ணுகூட இல்ல நைனா. அந்தக் கட்சிக்குப் பாதி, இந்தக் கட்சிக்குப் பாதி. பேசாம நீயும் எலெக்‌ஷன்ல நில்லு, மேடையோட போட்டுத் தரேன்.”

அப்போதுதான் தண்டையார்பேட்டைக் கிடங்கு ஞாபகம் வந்தது. தானிய வியாபாரி ஒருவருடையது; தவசிமுத்துவை நன்றாகத் தெரியும். அடுத்த கப்பல் வரும் வரை காலியாகத்தான் கிடக்கும், இரண்டு நாள் வைத்துக்கொள், வாடகை வேண்டாம் என்றுவிட்டார். சிலுவையம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார் தவசிமுத்து. நீளமான கட்டடம். இருநூறு இலை தாராளமாக விழும். ஆனால் தரை சாலையைவிட மூன்று படி பள்ளம். அவள் முதல் படியிலேயே நின்றாள்.

“கல்யாணத்துக்குக் கீழ எறங்கிப் போவணுமாய்யா?”

“கப்பலுக்குள்ள தெனம் நாப்பது அடி எறங்கறேன். மூணு படிக்கு இன்னா வந்துச்சு உனக்கு?”

“எலி செத்துக் கீது பாரு.”

“உசுரோட இருந்தாத்தான் பேஜாரு. செத்த எலி சோத்துல வாய் வெக்காது.”

போன மாதம் வைத்த பூச்சி மருந்தில் செத்தவை என்றான் வெள்ளத்துரை. ஐந்தாறு எலிகள் காய்ந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் தலை வாசலைப் பார்த்து இருந்தது. அதை அவள் மட்டும்தான் கவனித்தாள். சொல்லவில்லை.

வீட்டில் ஃப்ளோரா, “நைனா, மாப்ள வூட்டுக்காரங்க கோதுமை வாசன புடிச்சிகினு சப்பாத்தி எங்கன்னு கேக்கப் போறாங்கோ,” என்றாள். தவசிமுத்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். சிலுவையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. புதுக் கோதுமை வருவதற்குள் கிடங்குக்கு மறுபடி மருந்து போட்டாக வேண்டும். புதன்கிழமை மருந்துக் காற்றை உள்ளே விட்டுக் கதவை மூடுவார்கள். சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்து காற்றாட விடுவார்கள். ஞாயிறு விடிந்தபிறகுதான் உள்ளே போகலாம். வியாழக்கிழமை அந்தப் பக்கம் போன சிலுவையம்மாள், பூட்டின் மேல் சிவப்புத் துணி கட்டியிருப்பதைப் பார்த்தாள். மாவிலை கட்ட வேண்டிய வாசல்.

“ஞாயித்துக்கிழம நாலு பேரோட போ. தனியாப் போவாத,” என்றாள் அன்று இரவு.

“நான் இன்னா கொழந்தையா?” என்றார். போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

கோதுமை ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மருந்து போட்ட இடத்தில் குருவிகள் திரும்பி வந்துவிட்டனவா என்று பார்ப்பார்கள். சிந்திய மணியைப் பொறுக்க வருகிற குருவிக்கு எந்த மேஸ்திரியும் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனால் அது வேலைக்கு வந்தால் நாமும் வரலாம் என்பது அவர்களுடைய பேச்சு. தவசிமுத்து அதை நம்பி இருபத்திரண்டு வருஷம் உயிரோடு இருந்தவர்.

சனிக்கிழமை நடந்ததை வெள்ளத்துரை பிறகுதான் சொன்னான். கதவு காலையில் திறந்தாகிவிட்டது. இரண்டு மணிக்குத் தவசிமுத்து வந்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். உத்தரத்தில் நாலைந்து குருவிகள் கத்திக்கொண்டிருந்தன.

“நாளைக்குத்தான் மேஸ்திரி,” என்றானாம் இவன்.

“குருவிங்கோ வந்து குடும்பமே நடத்துது. எனக்குக் கண்ணு எரியல, மூக்கு எரியல. நீ போய் டீ குடிச்சிட்டு வா தோஸ்து. நான் பந்திக்குக் கோடு போட்டு வெக்கறேன். நாளைக்குப் பாய் விரிக்க சுளுவா இருக்கும்.”

பந்தி நடக்கப்போகிற இடம் என்பதால் செருப்பை மேல் படியிலேயே விட்டுவிட்டு இறங்கினார். மூட்டைகளுக்குக் குறி போடும் சுண்ணக்கட்டி மடியிலேயே இருந்தது. குனிந்து, தரையோடு தரையாகக் கோடு இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து போனார். டீ குடிக்கப் போன வெள்ளத்துரை கடையில் தேர்தல் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டான். திரும்பி வந்தபோது குருவிகளின் சத்தம் மட்டும் இருந்தது.

அந்த மருந்துக் காற்று கனமானது, தரையோடு படுத்துக் கிடக்கும், உத்தரம் வரை ஏறாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். பள்ளமான இடத்தில் சீக்கிரம் போகாது என்றும் சொன்னார். சிலுவையம்மாள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். இடது வாரின் தையலைத் தடவிக்கொண்டே அந்த மூன்று படியையும், வாசலைப் பார்த்துக் கிடந்த எலிகளையும் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மாலை காசிமேட்டில் அடக்கம் நடந்தது. ஈஸ்டர் வரை தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டார் விரும்பவில்லை, சிலுவையம்மாளும் விரும்பவில்லை. சாம்பல் புதனுக்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பூசையில் ஃப்ளோராவுக்குத் தாலி கட்டினார்கள். வந்தவர்கள் ஒன்பது பேர். காப்பி குடித்துவிட்டு எழுந்துபோனார்கள். அதற்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

கப்பல் தாமதமானதால் கிடங்கு இன்னும் காலியாக இருந்தது. அடுத்த வாரம் சிலுவையம்மாள் அங்கே போனாள். வெள்ளத்துரை தடுக்கவில்லை. மூன்று படி இறங்கிப் பார்த்தாள். மூன்று கோடுகள் சுவரிலிருந்து சுவர் வரை, நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன. ஒவ்வொன்றிலும் இலை விழ வேண்டிய இடத்தில் சின்னக் குறி, ஐம்பது ஐம்பதாக. நாலாவது கோட்டில் பதினோரு இலைக்குத்தான் குறி இருந்தது.