அக்கா ஃபேமிலி இல்லையாம்

துபாய் பக்கம் புஜைராவில் எண்ணெய் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையில் இருந்தேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆபீஸ் பக்கம் போனாலே கூச்சத்தில் பேச்சு வராது. பார்வை மங்கியதால் போன வருடம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கணக்கு முடிக்கும்போது ஆபீஸில் இருந்த தமிழ்க்காரர், "ஃபேமிலி இருக்காண்ணே?" என்று கேட்டார். "இருக்காங்க சார்" என்றேன். எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில், "அண்ணி பேரு சொல்லுங்க" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "கல்யாணம் ஆகல சார்."

"அப்ப எந்த ஃபேமிலிண்ணே?"

"அக்காவும் அது பிள்ளைங்களும். மச்சான் தவறினதிலேர்ந்து நான்தான் பாக்குறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "நல்லவேளைண்ணே! நீங்க இல்லாத காலத்துல பொண்டாட்டி பிள்ளைக்குப் பென்ஷன் குடுக்கன்னு கம்பெனியில மாசாமாசம் உங்க சம்பளத்துல பிடிச்சிருக்காங்க. அப்படி யாரும் இல்லன்னா அதைத் திருப்பித் தருவாங்க. இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருந்தா கலாஸ், மொத்தமும் போயிருக்கும். கம்பெனி ரூல்ல அக்கா ஃபேமிலி கிடையாது."

முதலில் எழுதியதை அடித்துவிட்டு, 'குடும்பம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இப்போதெல்லாம் எந்த ஆபீஸில் ஃபேமிலி இருக்கா என்று கேட்டாலும், "யாரைக் கேக்குறீங்க?" என்று தெரிந்துகொண்டுதான் பதில் சொல்கிறேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்தப் பணத்தில் அக்கா வீட்டுக்குத் தளம் போட்டோம். "கம்பெனி இதை எதுக்குத் தம்பி குடுத்துச்சு?" என்று அக்கா இன்னும் கேட்கிறது. "இத்தனை வருஷம் வேலை பாத்ததுக்குக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.