வேர் எரிந்த கரி

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம். எண்ணூர் கழிமுகத்துக்குச் சற்று உள்ளே, வேலிகாத்தான் என்று நாங்கள் சொல்லும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு மணல் மேட்டில் நடந்தது இது. அப்போது நான் தொல்லியலில் ஆராய்ச்சி மாணவி. கிடங்கு கட்டுவதற்காக அந்த மேட்டைச் சுத்தம் செய்து மண்ணைக் கிளறியபோது சின்னச் சின்னக் கல் சில்லுகள் வெளிப்பட்டன. பார்த்தால் சாதாரணக் கல் மாதிரிதான் இருக்கும். ஓரத்தைத் தடவினால் விரலைக் கீறிவிடும். இரும்பையே அறியாத காலத்து மனிதர்கள் உடைத்துச் செய்த கத்திகள் அவை. நிலத்துக்காரர் நல்ல மனிதர். வேலையை நிறுத்தி, தோண்டிப் பார்க்க எங்கள் துறைக்கு ஆறு வாரம் கொடுத்தார். அதற்கப்புறம் அங்கே கான்கிரீட் விழுந்துவிடும்.

என் வீடு பக்கத்திலேயே, வடசென்னை விம்கோ நகர். "உன் ஏரியாதானேம்மா, நீயே குழியைப் பாத்துக்கோ" என்று பேராசிரியர் பொறுப்பை என்னிடம் விட்டார். பெருமையாக இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நான் 'இன்னா' என்றதற்கு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு என்று பழகிக்கொண்டேன். துறையில் இருந்த பலருக்கு நான் எந்த ஊர் என்பதே வெகு நாள் தெரியாது.

தோண்டும் வேலைக்குப் பக்கத்து மீனவர் குப்பமான நெட்டுக்குப்பத்திலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். சல்லடையில் மண்ணைச் சலிக்கும் வேலை அவளுக்கு. கண் அப்படியொரு கூர்மை. நாங்கள் தவறவிட்ட சில்லுகளை அவள் எடுத்துத் தருவாள். ஒருநாள் நான் குழியில் கிடைத்த, அந்தக் காலத்து மனிதர்கள் தின்று போட்ட மட்டி ஓடுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, வாய் மூடிக்கினு கீற மட்டிய தனியா வச்சிடுக்கா. அது தானா செத்தது. தின்னவன் தொறந்துதான தின்னுருப்பான்?"

புத்தகத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்ட விஷயத்தை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அன்று நான் சிரித்து, அவள் சொன்னபடியே பிரித்தேன்.

நான்காவது வாரம், கல் சில்லுகள் கிடைத்த அதே அடுக்கில், முழங்கால் ஆழத்துக்கும் கீழே, கரி தென்பட்டது. நல்ல கறுப்பு. கட்டை விரல் அளவுத் துண்டுகள். கேமராவை எடுத்து வரச் சொல்லிக் கத்தினேன்.

கரிக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். கல்லுக்கு வயது சொல்வது கடினம். உயிரோடு இருந்த ஒன்று, மரமோ விதையோ எலும்போ, காற்றிலிருந்து ஒருவகைக் கார்பனைத் தனக்குள் சேர்த்துக்கொண்டே இருக்கும். செத்த நாளிலிருந்து அது மெல்ல மெல்லக் குறையும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், செத்து எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். கார்பன் டேட்டிங் என்பது இதுதான். மட்டி ஓட்டையும் அளக்கலாம், ஆனால் தண்ணீரில் இருக்கும் பழைய கார்பன் கணக்கைக் குழப்பிவிடும். அந்த ஆண்டு ஆய்வகத்தில் எங்களுக்கு ஒரே ஒரு மாதிரிக்குத்தான் இடம் கிடைத்திருந்தது. அந்த ஒன்று இதோ என் காலடியில்.

கையால் தொடாமல் கொத்துக் கரண்டி முனையில் எடுத்து, அலுமினியத் தாளில் வைத்தேன். பக்கத்தில் சல்லடையோடு நின்றவள் குனிந்து பார்த்தாள்.

"யக்கா, இது பழசு இல்லக்கா. வேலிகாத்தான் வேரு எரிஞ்ச கரி."

"இவ்வளவு ஆழத்திலா?" என்றேன்.

"ஆமாக்கா. மரத்த வெட்டிட்டு அடிக்கட்டைய கொளுத்தி வுட்டா மேல அணைஞ்சிடும். உள்ள வேரு நாலு நாளு எரிஞ்சிகினே போவும். நாங்க கரி மூட்டம் போடுறவங்க, எங்களுக்குத் தெரியாதா? எங்க வூட்டுக்காரரே இந்த மேட்டுல கொளுத்தி கீறாரு."

அந்த நேரம் பார்த்து பேராசிரியர் குழியை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவரோடு வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர். அவள் என்னை உரிமையோடு 'யக்கா' என்பதும், அந்தப் பேச்சும், என் கையிலிருந்த கரியைக் குறைத்துச் சொன்னதும், எல்லாம் சேர்ந்து எனக்குள் சுர்ரென்று ஏறியது.

"உன் வேலை சலிக்கிறது. அதை மட்டும் பாரு. அப்புறம் இங்கே யக்கா இல்லை, மேடம்" என்றேன். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன்.

பேராசிரியர் வந்து கரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். மேலே இருந்து புதுசு ஏதாவது உள்ளே இறங்கியிருக்குமா என்று அறிய வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வேர், எலி வளை ஏதாவது குறுக்கே வந்துதா?"

"இல்லை சார்."

நான் சொன்னபோது அவள் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தாள். சல்லடையை ஆட்டுவதை நிறுத்தவில்லை. மாதிரியோடு அனுப்பும் படிவத்திலும் அதே கேள்வி இருந்தது. அங்கும் 'இல்லை' என்று எழுதினேன். மறுநாள் மேஸ்திரியிடம் சொல்லி அவளைச் சல்லடையிலிருந்து மண் சுமக்கும் வேலைக்கு மாற்றினேன். இரண்டு நாள் சுமந்தாள். மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. ஒரு பக்கக் கடிதம். அதில் இத்தனை ஆண்டு என்று கணக்கே போடவில்லை. மாதிரி நம் காலத்தைச் சேர்ந்தது என்று மட்டும் இருந்தது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் உலக நாடுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தபோது காற்றில் அந்தவகைக் கார்பன் கூடிப்போனது. அதற்குப் பிறகு வளர்ந்த மரத்தில் அந்த அடையாளம் தெரியும். நான் பொக்கிஷம் மாதிரித் தாளில் சுற்றிய கரியில் அது இருந்தது.

அதற்குள் மேட்டின் மேல் கிடங்கு எழும்பி, தகரக் கூரையும் போட்டாகிவிட்டது.

பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. "சில நேரம் இப்படித்தான் ஆகும்மா. மேல்மண் சரிஞ்சு கலந்திருக்கும். உன் தப்பு இல்ல" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு நான் பேசாமல் வந்திருக்கலாம். வரவும் செய்தேன். மூன்றாம் நாள் அவர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னது, நான் கத்தியது, படிவத்தில் எழுதியது, வேலை மாற்றியது.

அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "அந்தப் பொண்ணு பேர் என்ன?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான்கு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவளின் பெயரை நான் கேட்டதே இல்லை.

"முதல்ல போய் அதைக் கேட்டுட்டு வா" என்றார்.

மேஸ்திரியிடம் அடையாளம் சொல்லி விசாரித்து நெட்டுக்குப்பம் போனபோது காலை பத்து மணி. வெயிலில் உட்கார்ந்து இறாலைப் பெரியது சிறியது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இன்னா மேடம், இவ்ளோ தூரம்?"

அந்த 'மேடம்' எனக்கு எப்படி வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. பேச வாயைத் திறந்தபோது, இத்தனை வருஷம் வெளியே விடாமல் வைத்திருந்த வீட்டுப் பேச்சு தானாக வந்தது.

"தப்பு பண்ட்டேன். நீ சொன்னது கரீட்டு. அது வேருதான். தெரிஞ்சும் கேக்கல நானு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இந்தப் பக்கத்து ஆளா?" என்றாள். விம்கோ நகர் என்றேன். அவளுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது.

"வெளியூரு ஆளுன்னு நெனச்சிதான் நான் அன்னிக்கி சும்மா போனேன். நம்ம ஏரியா ஆளே எங்கள இப்டி பேசுனா, நாங்க இன்னா பண்றது? ரெண்டு நாளு கழுத்து நோவு தெரியுமா எனக்கு?"

அவள் பேசி முடிக்கும்வரை நின்றேன். பிறகுதான் அவள் பெயரைக் கேட்டேன்; முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். கோபம் கொஞ்சம் தணிந்ததும் அவளே கேட்டாள்.

"சரி, அந்தக் கல்லுக்கு வயசு எவ்ளோதான்?"

"தெரியாது. இனிமே தோண்டவும் முடியாது."

"அதான் மூட்டை மூட்டையா மண்ணு கட்டினு போனீங்களே. அத இன்னா பண்ணீங்க?"

ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் கொஞ்சம் மண்ணை அப்படியே மூட்டை கட்டி வைப்பது எங்கள் வழக்கம். துறையின் பின்னறையில் யாரும் பிரிக்காமல் கிடந்தன. அவமானத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

பேராசிரியர் அழைத்ததன் பேரில் அவள் வந்தாள். மூன்று நாள், தண்ணீர் வாளியும் மெல்லிய சல்லடையுமாக உட்கார்ந்தோம். மேட்டின் மறு ஓரத்தில், புதர் இல்லாத இடத்தில் தோண்டிய குழியின் மண்ணை முதலில் எடுத்தோம். இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், கைப்பிசுக்கு பட்டால் கணக்கு கெட்டுவிடும் என்று நான் சொன்னேன். வேலிகாத்தான் கரி கெட்டி, தட்டில் விழுந்தால் கிண்ணென்று சத்தம் வரும் என்று அவள் சொன்னாள். மூன்றாம் நாள் மதியம், சத்தமே இல்லாமல் விழுந்த ஒரு துண்டை என் பக்கம் தள்ளினாள். நகத்தில் பாதி அளவு. ஏதோ ஒரு காயின் கருகிய ஓடு.

அடுத்த ஆண்டுதான் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு இந்த முறை அரைப் பக்கம் எழுதினேன். முந்தைய மாதிரியின் கதையையும், எச்சரித்தவர் யார் என்பதையும் அவள் பெயரோடு அறிக்கையில் சேர்த்தோம். முடிவு வந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள். எண்ணை இங்கே எழுத மாட்டேன். ஒரே ஒரு கணிப்பை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியாதே என்பது பேராசிரியரின் கட்டளை.

அவளிடம் மட்டும் போன் செய்து சொன்னேன்.

"அப்பயும் இங்க மட்டிதான் தின்னுகினு இருந்தானுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். யக்கா என்று அவள் என்னை மறுபடி கூப்பிட இன்னும் ஒரு வருஷம் ஆனது.

தெரியாமல் செய்த தவறாக இருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நின்று சொல்லியும், சொன்னவள் யார் என்று பார்த்துக் காதை மூடிக்கொண்டேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. அந்த உறுத்தல் ஆறிவிடக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.