மழை வேண்டாம் என்று ஜெபித்தேன்

உப்பளத்து வேலைக்குப் போகிற நாங்கள் மழை கேட்டு ஜெபிக்க மாட்டோம். மழை விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரையும், வேலையும் நின்றுவிடும். போன வருஷம் ஐப்பசி வரை கூலி வரும் என்று நம்பித்தான் என் வீட்டுக்காரரின் கண் ஆபரேஷனுக்கு மகளிர் குழுவில் கடன் எடுத்தேன். சனிக்கிழமை தோறும் தவணை. நான் கட்டாவிட்டால் என் பங்கை மற்ற பெண்கள் போட வேண்டும். அவர்களும் என்னைப் போலக் கூலிக்காரிகள்தான்.

"ஆண்டவரே, ஐப்பசி வரைக்கும் மழையைப் பிடித்து வையும்" என்று தினமும் முழங்காலில் நின்றேன்.

புரட்டாசியிலேயே கொட்டியது. அளம் முழுக்கத் தண்ணீர். அன்று ஜெபிக்க எனக்கு மனசில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் இருந்த வீட்டுக்காரர் சொன்னார்: "ஏளா, தினமும் காசு குடுத்து வாங்குத தண்ணி, முற்றத்துல சும்மா ஓடுது."

அவரை அப்படிச் சொல்ல வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். எழுந்தேன். பின்னால் கிடந்த டிரம்களைத் தேய்த்துக் கழுவினேன். தகரக் கூரையின் ஓரத்தில் பழைய குழாயைப் பிளந்து கட்டினேன்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா எங்கள் குழுத் தலைவி. "மழைத் தண்ணிய வச்சா கடன அடைக்கப் போற?" என்று சிரித்தாள். "அடைக்கத்தான் போறேன்க்கா" என்றேன்.

கையில் மிச்சமிருந்த கூலியில், தண்ணி வண்டிக்காரருக்குக் கொடுக்கிற காசை அன்றன்றே டப்பாவில் போட்டேன். காலையில் ஒரே உலை, மத்தியானத்துக்கும் அதே சோறு. கேஸ் மிச்சமானது. குளித்த தண்ணீரெல்லாம் முருங்கைக்குப் போனது, குழம்புக்குக் கீரை கிடைத்தது. வண்டிக்காரர் நிறுத்திக் கேட்டார்: "என்னம்மா, வேற ஆள்கிட்ட வாங்குதீயளோ?"

"மேலேருந்து வாங்குதேன் அண்ணாச்சி."

ஆனாலும் அந்தச் சனிக்கிழமைத் தவணைக்குக் காசு குறைந்தது. மறுபடி முழங்காலில் நின்றேன். வெள்ளிக்கிழமை ரோடு முங்கி, தண்ணி வண்டி வரவில்லை. எஸ்தர் அக்கா குடத்தோடு வாசலில் நின்றாள். நிறைத்துக் கொடுத்தேன்.

"எவ்வளவுளா?"

"மழைக்கு நான் என்னக்கா விலை சொல்ல?"

அவள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால், "இவளுக்குக் குறையிறத நான் போடுதேன். அடுத்த வாரம் தந்துருவா" என்றாள். சொன்னபடி அடுத்த வாரம் கொடுத்தேன். மிச்சம் பிடித்த காசும், வெயில் திரும்பியதும் வந்த அளத்துக் கூலியும் கைகொடுக்க, அதற்குப் பிறகு ஒரு தவணையும் தவறவில்லை. இந்தப் பங்குனியில் கடன் முடிந்தது. என் வீட்டுக்காரரும் இப்போது கண்ணாடி இல்லாமல் வேதம் வாசிக்கிறார்.

நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. எனக்குத் தேவையானதைக் கூரை மேல் கொட்டினார். அவருக்கே ஸ்தோத்திரம். கடனில் கலங்கி நிற்கிறவர்களே, தயங்காமல் அவரிடம் கேளுங்கள். நான் இப்போதும் அளத்துக்காக வெயில்தான் கேட்கிறேன். ஆனால் டிரம்மைக் கழுவி வைத்துவிட்டுத்தான் முழங்காலில் நிற்கிறேன்.